வெள்ளாற்று மருந்தும் வடதுருவத் திமிங்கிலமும்

சாணக்யபுரியில் சாந்திபாத் பக்கம் மாலை நடை போகும் அன்பர்களுக்குக் கனடா, நார்வே தூதரகங்கள் பழகிய கட்டடங்கள். அந்த நாடுகளின் வடகோடிக் கடலில் திமிங்கிலத்தின் கொழுப்பில் பூச்சிமருந்து சேர்கிறது என்று பேச்சு வந்தால், "அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. சம்பந்தம் நம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது.

ஒரு காலத்தில் நம் வயல்களில் பி.எச்.சி. பொடியைத் தாராளமாகத் தூவினார்கள். அது எங்கே போகிறது என்பதை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையத்தாரும், ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தாரும் வெள்ளாற்றுப் பகுதியில் ஆராய்ந்தார்கள். 1991-இல் வெளியான முடிவு வியப்பூட்டுவது. தூவியதில் 99 சதவீதத்துக்கும் மேல் ஆவியாகிக் காற்றோடு போய்விடுகிறது. ஆற்று வழியே கடலுக்குப் போவது ஒரு சதவீதம்கூட இல்லை.

காற்றில் போனது வெப்பத்தில் எழும்பும், குளிரில் படியும், மறுபடி எழும்பும். பாசஞ்சர் வண்டி போல நின்று நின்று வடக்கே போகும். வடதுருவம்தான் கடைசி ஸ்டேஷன். அங்கே கடலின் நுண்ணுயிர்களில் சேர்ந்து, அவற்றைத் தின்னும் மீனுக்கும், மீனைத் தின்னும் பெலூகா என்ற வெள்ளைத் திமிங்கிலத்துக்கும் போகிறது. இத்தகைய ரசாயனங்கள் எளிதில் சிதையா, கொழுப்பில் தங்கிவிடும். ஆகவே படிக்குப் படி அளவு கூடுகிறது. தாய்த் திமிங்கிலம் தன் பாரத்தில் ஒரு பங்கைப் பால் வழியே கன்றுக்குக் கொடுத்துவிடுகிறது!

மனிதருக்கும் இதே கதிதான். கடல் பிராணிகளின் கொழுப்பை உண்ணும் இனுயிட் தாய்மார்களின் பாலில், மின்மாற்றி எண்ணெயில் பயன்பட்ட பி.சி.பி. என்ற ரசாயனம், தெற்குக் கியூபெக் பெண்களின் பாலில் இருந்ததைப்போல் சுமார் ஐந்து மடங்கு இருந்ததை 1980-களில் கண்டார்கள். அந்தத் தாய்மார்கள் அதைத் தயாரித்தவர்கள் அல்லர்.

"பணக்கார நாடுகள்தானே அதிகம் கொட்டின?" என்பார்கள். பி.சி.பி.யைப் பொறுத்தவரை உண்மைதான். ஆனால் பால் குடிக்கும் குழந்தை, எந்த நாட்டுப் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் குடிக்க முடியுமா?

நிறுத்தினால் பலன் உண்டு என்பதும் தெரிந்ததே. சீனா 1983-இல் பி.எச்.சி.யை நிறுத்தியது, இந்தியா 1997-இல் தடை செய்தது. துருவக் காற்றில் அதன் அளவு வெகுவாகக் குறைந்தது. இத்தகைய நஞ்சுகளுக்கான 2001-ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையையும் இந்தியா 2006-இல் ஏற்றது. ஆனால் ஏற்கெனவே கடலிலும் கொழுப்பிலும் சேர்ந்ததை யாரும் திரும்ப அள்ள முடியாது.

ரயில்வேயில் புதுப் பாலத்தைச் சோதிக்காமல் பயணிகள் வண்டியை விடமாட்டோம். ரசாயனத்துக்கும் அதுவே விதியாக வேண்டும் என்பது என் கருத்து. எத்தனை நாளில் சிதையும், உடலில் தங்குமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் தயாரிப்பாளர் பதில் சொன்ன பிறகே அது கடைக்கு வரட்டும். வீட்டுக்குப் பூச்சிமருந்து வாங்கும் நாமும் அந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகுவோம்.