எந்த ஓட்டலை நினைத்து உருகுகிறோம்?

சென்னை கதீட்ரல் சாலையில் 1962 முதல் இயங்கிவந்த உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தே பத்தாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் காரில் உட்கார்ந்தபடியே சாப்பிட்டதையும், ஒரு காபியை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் பேசியதையும் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதட்டும். பிடித்த ஓட்டல் மூடப்பட்டால் வலிக்கத்தான் செய்யும்.

என் கேள்வி வேறு. "அந்தக் காலத்து ஓட்டல் மாதிரி வருமா?" என்று பொத்தாம்பொதுவாக உருகும்போது, அந்தக் காலத்து ஓட்டலுக்குள் யாரெல்லாம் உட்கார முடிந்தது என்பதை ஏன் யாரும் எழுதுவதில்லை?

சாதி தன்னைக் காத்துக்கொள்ளும் இடங்கள் இரண்டு: கல்யாணம், பந்தி. காசு கொடுத்தால் யார் பக்கத்திலும் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் பந்தி உடைந்துவிடும். அதனால்தான் ஓட்டலுக்குள்ளேயே சாதியைக் கொண்டுவந்து வைத்தார்கள். ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது. ஓட்டல் பெயர்ப்பலகையிலேயே 'பிராமணாள்' என்று எழுதினார்கள். 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்பு பெரியார் மறியலைத் தொடங்கி, பல மாதங்கள் தோழர்கள் கைதாகிக்கொண்டே இருந்த பிறகுதான் அங்கே அந்தச் சொல் இறங்கியது. கிராமத்து டீக்கடையில் நம் ஆட்களுக்குத் தனிக் குவளை, அல்லது கொட்டாங்கச்சி.

அரசியல் சட்டத்தின் 15(2)ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். கடை, உணவகம், ஓட்டல், கிணறு, குளம், சாலை என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, அங்கெல்லாம் சாதியைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. ஒரு நாட்டின் அரசியல் சட்டம் சாப்பாட்டுக் கடையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது என்றால், அந்த வாசல்படி எவ்வளவு உயரமாக இருந்திருக்கும்! ஓட்டலுக்குள் விட மறுப்பதை 1955ஆம் ஆண்டின் தீண்டாமைச் சட்டம் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும் இரட்டைக் குவளை ஒழியவில்லை. சில ஊர்களில் அவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், நமக்குப் பேப்பர் கப் என்று உருமாறி நிற்கிறது.

நமக்கும் பிரியமான கடைகள் இருந்தன. "எந்தத் தெரு?" என்று கேட்காமல் இலை போட்ட பஸ் ஸ்டாண்டு பரோட்டா கடை. சாயங்காலம் தெருமுனையில் மணக்கும் பீஃப் பக்கோடா தள்ளுவண்டி. விடிகாலையில் தூய்மைப் பணிக்குப் போகிறவர்களுக்குக் கடன் சொல்லி இட்லி கொடுத்த அக்கா கடை. இவையும் மூடப்பட்டன. நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளைக் காலி செய்து மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பியபோது, வீட்டுக்கு மாற்று வீடு என்று கணக்குக் காட்டினார்கள். கடைக்கும் அதன் வாடிக்கைக்கும் யார் கணக்கு வைத்தார்கள்? அந்தக் கடைகளுக்கு எந்தப் பத்திரிகையும் அஞ்சலி எழுதவில்லை.

இருக்கும்போதே இல்லாததாக்குவதும் நடக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகம் அறிவித்த பிரியாணித் திருவிழாவில் மாட்டிறைச்சி பிரியாணிக்கு இடமில்லை. எதிர்ப்பு கிளம்பியது, மழையைக் காரணம் காட்டி விழா தள்ளிவைக்கப்பட்டது. இன்று விழாவில் விடுபடும் உணவு நாளை 'நம் ஊர் ருசி' பற்றிய புத்தகத்திலும் விடுபடும்.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஆயாவிடமும் அப்பாவிடமும் கேளுங்கள்: முதன்முதலில் எந்த ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்? எந்தக் கடையில் வெளியே நிற்க வைத்தார்கள்? என்ன சாப்பிட்டீர்கள், என்ன விலை, பக்கத்தில் யார் இருந்தார்கள்? தெருப் பெயரோடு எழுதி வையுங்கள். கடை போய்விட்டது, அதில் உட்கார்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களும் போவதற்குள் கேட்டுவிடுங்கள்.