ஹைப்ரிட் மோட்டார் வண்டியும் பழைய பெரு ஜீப்பும்

விவசாயிகளுக்கு ஹைப்ரிட் என்னும் சொல் புதியதன்று. பருத்தியிலும் மக்காச்சோளத்திலும் இரு வேறு பெற்றோர்ச் செடிகளை இணைத்து எடுக்கும் வீரிய ஒட்டு விதையை அப்பெயரால் அழைத்துவருவது நெடுநாளைய வழக்கம். இப்பொழுது அதே பெயரைத் தாங்கிய மோட்டார் வண்டிகளும் கிராமச் சாலைகளில் காணப்படுகின்றன. பெட்ரோல் எஞ்சின் ஒன்றும் மின்சார மோட்டார் ஒன்றும் ஒரே வண்டியில் கூடி வேலை செய்வதால் இப்பெயர் வந்தது. இவ்வகையில் பெருவாரியாகத் தயாரிக்கப்பெற்ற முதல் வண்டி, 1997-ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா கம்பெனியார் விற்பனைக்குக் கொணர்ந்த பிரியஸ் ஆகும். நம் தேசத்தில் 2022-ஆம் ஆண்டு முதல் கிராண்ட் விடாரா, இன்னோவா ஹைக்ராஸ் முதலியவை இவ்வமைப்புடன் விற்கப்பட்டுவருகின்றன.

இவ்வண்டிகளைப் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு வாதம் தவறாமல் கேட்கப்படுகிறது. புது வண்டி செய்வதற்கு மலையைக் குடைந்து உலோகம் எடுக்கவேண்டும், அதன் பாட்டரி மண்ணுக்கு நஞ்சு, பழைய ஜீப்போ முன்னமேயே செய்து முடிந்த பொருள், ஆதலால் அதை ஓட்டுவதே காற்றுக்கும் மண்ணுக்கும் செய்யும் நன்மை என்பர். இவ்வாதத்தில் ஒரு பங்கு உண்மையும் பல பங்கு பொய்யும் கலந்திருக்கின்றன. இரண்டையும் பிரித்தறிய வேண்டுமானால் இதன் பிறப்பிடத்தைப் பார்ப்பது நலம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் சந்தை ஆராய்ச்சிக் கம்பெனி ஒன்று 2006-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வண்டியைத் திட்டமிடும் நாள் முதல் உடைத்துப் போடும் நாள் வரை ஆகும் சக்திச் செலவைக் கணக்கிட்டால், ஹம்மர் எச்3 என்னும் பெருவண்டிக்கு மைல் ஒன்றுக்கு ஏறக்குறைய 1.95 டாலரும், பிரியஸுக்கு 3.25 டாலரும் ஆகின்றன என்று அது கூறிற்று. ஹம்மர் இனத்தின் மூத்த வண்டி ராணுவத்திற்காக அமைக்கப்பட்ட வாகனத்திலிருந்து பிறந்தது; எடை 3 டன்னுக்கு மேற்பட்டது. அத்தகைய குடும்பத்து வண்டி சிறு காரைக் காட்டிலும் சிக்கனமானது என்ற செய்தி பத்திரிகைகளுக்குக் கற்கண்டாயிற்று.

பஸிபிக் இன்ஸ்டிட்யூட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார் 2007-ஆம் ஆண்டிலேயே இவ்வறிக்கையைப் பரிசோதித்து அதன் ஓட்டைகளை வெளியிட்டனர். ஹம்மர் எச்1 வண்டி 35 ஆண்டுகள் உழைத்து 3,79,000 மைல் ஓடும் என்றும், பிரியஸ் 12 ஆண்டுகளுக்குள் 1,09,000 மைலோடு முடிந்துவிடும் என்றும் அறிக்கையில் வைத்துக்கொள்ளப்பட்டிருந்தது. செய்கூலியை ஓடும் மைல்களால் வகுக்கும்பொழுது ஒன்றுக்குப் பெரிய வகுஎண்ணும் மற்றொன்றுக்குச் சிறிய வகுஎண்ணும் கொடுத்தால் விடை எப்பக்கம் சாயும் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. ஒரு வயலின் மகசூலை முப்போகத்திற்கும் மற்றொன்றின் மகசூலை ஒரு போகத்திற்கும் கணக்கிட்டு ஒப்பிடுவது போன்ற வேலை இது. பின்னர் 2011-இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்னும் நுகர்வோர் பத்திரிகையினர் 2,00,000 மைலுக்கு மேல் ஓடிய 2002-ஆம் ஆண்டு பிரியஸ் ஒன்றை, ஆதி பாட்டரியுடனேயே, சோதித்தனர். புதிதாக இருந்தபோது கொடுத்த மைலேஜுக்கும் அப்பொழுது கொடுத்த மைலேஜுக்கும் வேற்றுமை இல்லையென்றே சொல்லலாம்.

அறிக்கையின் மற்றொரு பெருங்குறை, வண்டியைச் செய்வதிலேயே பெரும்பகுதிச் சக்தி செலவாகிறது என்று கொண்டது. சாதாரண எஞ்சின் வண்டி ஒன்றின் ஆயுள் முழுவதிலும் ஆகும் சக்தியில் மிகப் பெரும் பங்கு ஓட்டத்தில் எரியும் எண்ணெய்க்கே போகிறது என்பது தனித்தனியே செய்யப்பட்ட பல ஆராய்ச்சிகளின் ஒத்த முடிவு.

பாட்டரிக்கு வேண்டிய நிக்கல் உலோகத்தைப் பற்றிய கதை இன்னும் விசித்திரமானது. விவசாயிகள் தெரிந்துகொள்ளவேண்டியதும் ஆகும். கானடாவில் ஒண்டேரியோ மாகாணத்துச் சட்பரி என்னும் ஊரைச் சுற்றியுள்ள நிலம், பிரியஸ் பாட்டரிக்கு நிக்கல் வெட்டியதால் புல் பூண்டற்றுப் போயிற்று என்றும், சந்திரனுக்குச் செல்லும் வீரர்கள் பழகுவதற்குக்கூட அவ்விடம் பயன்பட்டது என்றும் 2006-இல் இங்கிலாந்துப் பத்திரிகை ஒன்று எழுதிற்று. சந்திர வீரர்கள் அங்கே பாறைகளைப் படிக்கச் சென்றது 1971, 1972-ஆம் ஆண்டுகளில். பிரியஸ் பிறந்ததோ அதற்குக் கால் நூற்றாண்டு கழித்து! அப்பத்திரிகை பின்னர்த் தன் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொண்டது. எனினும் கதை மட்டும் இன்றும் உலவுகிறது.

சட்பரியின் நிலம் கெட்டதற்கு மெய்யான காரணம் வேறு. 1883-இல் இருப்புப்பாதை போடும்பொழுது அங்கே தாதுப்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. அத்தாதுவில் கந்தகம் மிகுதி. அதைப் போக்கும்பொருட்டு, சுற்றுக்காட்டு மரங்களை வெட்டி அடுக்கி, அவற்றின்மேல் தாதுவைக் குவித்துத் தீ மூட்டினர். ஒவ்வொரு குவியலும் மாதக்கணக்கில் புகைந்தது. உயரப் போக வழியற்ற கந்தகப் புகை தரையோடு தரையாகப் பரவிப் பயிர்களைக் கருக்கியது. 1920-களின் இறுதி வரை இம்முறை நீடித்தது. மண் புளித்து, செம்பும் நிக்கலும் அதில் சேர்ந்து, வேர் பிடிக்கமாட்டாத நிலை உண்டாயிற்று. மரமற்ற மேட்டு நிலத்தின் மேல்மண்ணை மழை அரித்துச் சென்றது. சுமார் 17,000 ஹெக்டேர் கரும்பாறையாய் நின்றது.

அப்பகுதியில் பயிரிட்டுவந்த குடியானவர்கள் வாளாவிருக்கவில்லை. கம்பெனியின் மேல் வழக்குத் தொடுத்தனர். 1917-இல் வழங்கப்பட்ட தீர்ப்பில் அவர்களுக்குச் சிறு நஷ்ட ஈடு கிடைத்ததேயன்றிப் புகையை நிறுத்த உத்தரவு கிடைக்கவில்லை. யுத்த காலம், நிக்கல் அத்தியாவசியப் பொருள் என்று கருதப்பட்டது. அன்று அந்த நிக்கல் போனது ராணுவத் தளவாடங்களுக்கே. இன்றும் உலகில் எடுக்கப்படும் நிக்கலில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு துருப்பிடியா எஃகுக்குப் போகிறது. நல்ல எவர்சில்வர்ப் பாத்திரத்தில் நூற்றுக்கு எட்டுப் பங்கு நிக்கல். காரின் பாட்டரியைக் குறை கூறுபவர் தம் வீட்டுச் சமையலறை அலமாரியையும் ஒருமுறை நோக்குவது நியாயம்.

அந்நிலம் மீட்கப்பட்ட விதம் எந்த விவசாய இலாகாவுக்கும் பாடமாகும். 1972-இல் 381 மீட்டர் உயரமான புகைபோக்கி கட்டப்பட்டது. அது புகையைத் தூரத்துக்கு அனுப்பிற்றேயன்றிக் குறைக்கவில்லை. கந்தகத்தைப் பிடித்து நிறுத்தும் ஏற்பாடுகளே பின்னர்ப் பலன் அளித்தன. 1978 முதல் நகரசபையார் ஆட்களை அமர்த்தி, அரைத்த சுண்ணாம்புக்கல்லை மூட்டை மூட்டையாகத் தோளில் சுமந்து சென்று ஹெக்டேருக்குச் சுமார் 10 டன் வீதம் கையாலேயே தூவச் செய்தனர். சுண்ணாம்பில் மக்னீசியமும் கலந்திருந்தது. அதன் பின் உரமிட்டு, புல் விதையுடன் தழைச்சத்து சேர்க்கும் பயறு வகைத் தீவனச் செடிகளின் விதையையும் கலந்து விதைத்தனர். மண்ணின் புளிப்பு தணிந்தவுடன் மரக்கன்றுகள் நடப்பட்டன. 2022-இல் ஒரு கோடியாவது கன்று நடப்பட்டது. புளித்த நிலத்திற்குச் சுண்ணாம்பு இடவேண்டும் என்று சொன்னால் செலவுக்கு அஞ்சித் தள்ளிப்போடுபவர்கள் இதை எண்ணிப் பார்க்கலாம்.

இதனால் நிக்கல் வெட்டுவது இன்று தீங்கற்றது என்று கொள்ளலாகாது. இப்பொழுது உலகத்து நிக்கலில் பாதிக்கு மேல் இந்தோனேஷியாவிலிருந்து வருகிறது. அங்கே காடு அழிவதும், நிலக்கரி எரித்து உருக்குவதும், சேறு கடலில் கலப்பதும் மெய்யே. லித்தியம் பாட்டரிகளுக்கும் அவற்றிற்குரிய குறைகள் உண்டு. ஆயினும் ஹைப்ரிட் காரின் பாட்டரி சிறியது. இரண்டாம் தலைமுறைப் பிரியஸின் பாட்டரி சுமார் 40 கிலோ எடையே இருந்தது. முழு மின்சாரக் காரின் பாட்டரி அதைப்போல் பல மடங்கு.

மேலும் ஒரு செய்தி. அமெரிக்காவில் 6,000 ராத்தலுக்கு மேற்பட்ட கனவண்டிகளுக்கு வருமான வரிச் சலுகை இருந்தது. பண்ணை லாரிகளையும் சிறு தொழில்களின் வண்டிகளையும் கருதி வைத்த சலுகை அது. 2003-இல் அதன் வரம்பு 1,00,000 டாலராக உயர்த்தப்பட்டவுடன் வக்கீல்களும் வைத்தியர்களும் ஹம்மர் வாங்கலாயினர். 2004-இல் அரசினர் அவ்வரம்பை 25,000 டாலராகக் குறைத்தனர். குடியானவன் பெயரால் வரும் சலுகை யார் வீட்டு வாசலில் போய் நிற்கிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

இனி அவ்வாதத்திலுள்ள உண்மையைப் பார்க்கலாம். பழைய வண்டியைச் செய்த செலவு கழிந்துபோன செலவு, அது மெய். ஆகவே கேள்வி ஓட்டத்தைப் பொறுத்தது. லிட்டர் ஒன்றுக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் டீசல் ஜீப்பை ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டினால் 1,200 லிட்டர் எரியும். டீசல் லிட்டர் ஒன்றுக்குச் சுமார் 2.7 கிலோ கரியமிலவாயு வீதம் அது 3,240 கிலோ ஆகும். ஹைப்ரிட் கார் அத்தூரத்தை லிட்டருக்கு 18 கிலோமீட்டர் வீதம் ஓடினால் 667 லிட்டர் பெட்ரோல் எரியும், லிட்டருக்கு 2.3 கிலோ வீதம் ஏறக்குறைய 1,530 கிலோ. ஆண்டுக்கு மிச்சம் 1,700 கிலோவுக்குச் சற்று மேல். புதுக் கார் செய்வதில் 7 டன் வெளிப்பட்டதென வைத்துக்கொண்டாலும் நான்கு ஆண்டுகளில் கடன் தீர்ந்துவிடும். ஆனால் ஆண்டுக்கு 3,000 கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் மிராசுதார் ஒருவருக்கு அதே கடன் தீரப் பதினாறு ஆண்டுகள் ஆகும். அவர் தம் ஜீப்பை வைத்துக்கொள்வதே முறை. மழை நாளில் கரிசல் மண்ணில் இறங்கவேண்டியவருக்கும், மலைப்பாதையில் விளைபொருள் ஏற்றுபவருக்கும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி ஆடம்பரமன்று. கம்பெனியார் விளம்பரத்தில் 23, 28 என்று காட்டும் எண்களும் சோதனைச்சாலை எண்களே. பிரேக் பிடிக்கும்பொழுது வீணாகும் வேகத்தை மின்சாரமாக்கிச் சேமிப்பது, வடிகாலில் ஓடும் நீரைத் திரும்ப வயலுக்கு இறைத்துக்கொள்வது போன்றது. அடிக்கடி நின்று நின்று செல்லும் நகரத்தில் அதன் அனுகூலம் மிகுதி; ஒரே வேகத்தில் செல்லும் நெடுஞ்சாலையில் குறைவு.

ஒரு கஷ்டம் உண்டு. பழைய ஜீப்பை விற்றுவிட்டு ஹைப்ரிட் வாங்கியவர் காற்றைக் காப்பாற்றிவிட்டதாக எண்ணலாகாது. வாங்கியவர் அதை ஓட்டத்தானே செய்வார்? உடைக்கப்பட்டாலன்றிப் புகை ஊர் மாறுமேயொழிய நிற்காது. சர்க்கார் வண்டிகளைப் பொறுத்தவரை, 15 ஆண்டு கடந்தவற்றின் பதிவு புதுப்பிக்கப்படலாகாது என்ற விதி 2023 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கிறது. இது நல்ல விதி. ஆனால் உடைக்கப்பட்ட ஜீப்புக்குப் பதிலாக மற்றொரு கனத்த வண்டியையே வாங்கி, ஒரு அதிகாரியும் ஒரு கோப்புமாகத் தாலுகா அலுவலகத்துக்கும் கலெக்டர் அலுவலகத்துக்கும் ஓட்டுவதில் என்ன லாபம்?

கரியமிலவாயு ஒன்றே கணக்கன்று. பழைய எஞ்சின்களின் புகை பயிருக்கும் பகை. 1940-களில் கலிபோர்னியாவில் லாஸ் ஏஞ்சல்ஸைச் சுற்றிய கீரைத் தோட்டங்களில் இலைகளின் அடிப்புறம் வெள்ளி பூசினாற்போல் பளபளத்துக் கருகக் கண்டனர். பூச்சியுமன்று, பூசணமுமன்று. மோட்டார்ப் புகையும் எண்ணெய் ஆலை ஆவியும் வெயிலில் கூடி ஓசோன் முதலிய நச்சு வாயுக்களாக மாறுவதே காரணம் என்று ஹாகென்-ஸ்மிட் என்னும் ரசாயன ஆசிரியர் 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார். பழைய டீசல் வண்டிக்கும், 2020 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி செய்யப்பட்ட வண்டிக்கும் இவ்விஷயத்தில் உள்ள தூரம் மிகப் பெரிது. புதிது ஹைப்ரிட்டாக இருந்தாலும் சாதாரணச் சிறு காராக இருந்தாலும் இந்த அனுகூலம் கிடைக்கும். ஹைப்ரிட்டின் அதிக விலையைக் கொடுக்க இயலாதவர் சிறு கார் வாங்குவதில் குறைவொன்றுமில்லை.

ஜீப்பை வைத்துக்கொள்ளத் தீர்மானித்தவர்கள் காற்று வடிகட்டியைக் காலத்தில் மாற்றி, இஞ்செக்டரைப் பழுது பார்த்து, டயரில் காற்று குறையாமல் கவனித்துவரவேண்டும். கழித்த எஞ்சின் எண்ணெயைக் கிணற்று மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் கொட்டும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. அதை அடியோடு நிறுத்தவேண்டும். ஹைப்ரிட் வாங்குவோர், பாட்டரி ஓய்ந்தபின் அதைப் பழைய இரும்பு வியாபாரியிடம் எடை போட்டுவிடாமல் விற்ற கம்பெனியாரிடமே ஒப்படைக்கவேண்டும். 2022-ஆம் ஆண்டுப் பாட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பச் சேகரித்து உலோகங்களைப் பிரித்தெடுக்கும் பொறுப்பு தயாரிப்பாளரைச் சார்ந்தது. வண்டி வாங்கும் நாளிலேயே இதுபற்றி எழுத்துமூலம் கேட்டு வைத்துக்கொள்வது நன்று.