காது கேட்கிறதா, கண் கேட்கிறதா?

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். புடவை வாங்கப் போகிற அம்மாள் தலைப்பைக் கசக்கிப் பார்க்கிறாள். விற்கிறவன் சொல்லும் புகழை அப்படியே நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பவர் நம்மில் அதிகம் பேர் இல்லை. ஆனால் வீட்டில் சங்கீதம் கேட்பதற்கான உயர்ந்த ரகக் கருவிகளைப் பற்றி விசாரிக்கப் புறப்பட்டாலோ, ஓர் அதிசயத்தைக் காண்கிறோம். விற்றவர், வாங்கியவர், வாங்கப் போகிறவர் ஆகிய மூவரும் ஒரே சுருதியில் பேசுகிறார்கள். "விலை ஏற ஏற நாதமும் ஏறுகிறது" என்பதே அவர்களுடைய பல்லவி. இந்தப் பல்லவி மெய்தானா என்பதை இந்த வாரம் சற்று விசாரிக்கலாம் என்று எண்ணுகிறோம்.

முதலில் கருவிகள் இன்னவை என்று தெரிந்து கொள்வோம். இக்காலத்தில் சங்கீதம் எண்களாகச் சேமித்து வைக்கப்படுகிறது. ஸோனி, பிலிப்ஸ் என்னும் இரு கம்பெனிகளும் சேர்ந்து வகுத்து, 1982-ஆம் ஆண்டில் கடைக்கு வந்த ஸி.டி. தட்டில், ஒவ்வொரு வினாடியும் 44,100 தடவை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஏதேனும் ஒன்றில் நிற்கும். இந்த எண்களை மறுபடி மின் அலைகளாக மாற்றும் கருவிக்கு 'டாக்' என்று பெயர். அந்த அலையின் அளவைக் கூட்டிக் குறைத்து, எந்தக் கருவியின் ஒலி வேண்டும் என்று தேர்ந்தெடுக்க உதவுவது 'ப்ரீ ஆம்ப்'. எங்கேயோ உள்ள பண்டகசாலையிலிருந்து எண்களை வரவழைத்து 'டாக்'கிடம் ஒப்படைப்பது 'ஸ்ட்ரீமிங்' மென்பொருள். ஆப்பிள் கம்பெனி அமெரிக்காவில் 9 டாலருக்கு விற்ற சின்னஞ்சிறு இணைப்புக் கம்பிக்குள்ளும் ஒரு 'டாக்' இருக்கிறது. இங்கிலாந்தில் கார்டு கம்பெனியார் செய்யும் 'டேவ்' என்னும் 'டாக்'கோ பல ஆயிரம் பவுன் பெறும். இரண்டும் செய்யும் தொழில் ஒன்றே.

எண்களாக வெட்டிய ஒலியை முழுமையாக மீட்க முடியுமா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. நைக்விஸ்ட் என்பவர் 1928-லும், ஷானன் என்பவர் 1949-லும் எழுதிய கட்டுரைகள் இதற்கு விடை தருகின்றன. எந்த உச்ச அதிர்வு வரையில் வேண்டுமோ, அதன் இரு மடங்குக்கு மேல் அளந்து விட்டால், நடுவில் எதுவும் தவறிப் போவதில்லை. மனிதச் செவியின் எல்லை வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வு. அதுவும் இளமையில்தான். வயது ஏற ஏற மேல் ஒலிகள்தாம் முதலில் காதை விட்டு நழுவுகின்றன. விலையுயர்ந்த கருவியை வாங்கப் பணம் சேரும் வயதில், அதன் நுட்பத்தைக் கேட்கும் காது குறைந்து விடுகிறது என்பது இயற்கையின் வேடிக்கைகளில் ஒன்று!

இனி, நமது சிநேகிதர் ஒருவரின் விஷயத்துக்கு வருவோம். அவர் சென்ற ஆண்டில் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். சங்கீதத்தில் மெய்யான பற்று உள்ளவர். பணிக்கொடையாக வந்த தொகையில் மூன்று லட்ச ரூபாயை ஒரு 'டாக்'குக்குச் செலவிடத் தீர்மானித்தார். கடைக்காரர் பத்து நாள் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்கச் சம்மதித்துக் கொடுத்தார். அவரிடம் ஏற்கெனவே பத்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய பழைய 'டாக்' ஒன்று இருந்தது. புதியதைப் பூட்டிய அன்றே அவர் பரவசமாகி விட்டார். "தம்பூராவின் ஜீவா இன்றைக்குத்தான் கேட்கிறது, ஸார்!" என்றார். அவருடைய மனைவியார் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு மாடியில் மழைக்கு ஒழுகும் இடத்தை மட்டும் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

நமது பள்ளிக்கூடத்துப் பௌதிக ஆசிரியரையும் அழைத்துக் கொண்டு, பரீக்ஷை ஒன்று நடத்தினோம். இரண்டு 'டாக்'குக்கும் ஒரே எண்கள் போகும்படி அமைத்து, எதை ஒலிக்கச் செய்வது என்ற விசையைத் திரைக்குப் பின்னால் வைத்தோம். அந்த அம்மாள் அங்கே அமர்ந்து நாணயத்தைச் சுண்டினார். தலை விழுந்தால் புதியது. பூ விழுந்தால் பழையது. எது ஒலிக்கிறது என்று சிநேகிதர் இப்பால் காகிதத்தில் எழுத வேண்டியது. இவ்விதம் பதினாறு தடவை. பதினாறுக்குப் பதினான்கு சரியாக எழுதி விட்டார்! அவருடைய முகத்தில் எழுந்த வெற்றிக் களையைப் பார்க்க வேண்டுமே!

ஆனால் பௌதிக ஆசிரியர் விடவில்லை. வோல்ட் மீட்டரை எடுத்தார். பழையது 2 வோல்ட் கொடுத்த இடத்தில் புதியது 2.5 வோல்ட் கொடுத்தது. அதாவது, சுமார் 2 டெசிபல் அதிகச் சத்தம். இது, 'சத்தம் அதிகம்' என்று தோன்றும்படியான வித்தியாசம் அல்ல. 'நாதம் நன்றாயிருக்கிறது' என்று தோன்றும்படியான வித்தியாசம். சத்தம் தாழும்போது கீழ் ஸ்தாயி ஒலிகள் நம் காதுக்கு மற்றவற்றைக் காட்டிலும் வேகமாக மங்குகின்றன என்று பிளெட்சர், மன்ஸன் என்னும் இருவர் 1933-லேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். சற்றே உயர்ந்த சத்தம் நிறைவான சங்கீதமாகத் தொனிப்பதற்கு அதுவே காரணம்.

இரண்டையும் நூறில் ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் சமப்படுத்தி, மறுபடி பதினாறு தடவை. இம்முறை சரியானவை ஒன்பது. காதே இல்லாமல் நாணயத்தைச் சுண்டி விடை எழுதினாலும், பத்துக்கு நாலு தடவை ஒன்பதோ அதற்கு மேலோ கிடைத்து விடும். பன்னிரண்டு சரியாக வந்தால்தான் கவனிக்கத் தக்கது. குருட்டு அதிர்ஷ்டத்தில் அது நூற்றுக்கு நான்கு தடவைக்கும் குறைவாகவே நேரும். கணக்கில் நாட்டமுள்ள வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக் கூடும். பதினாறு தடவை நாணயம் சுண்டினால் உண்டாகும் வகைகள் 65,536, ஸி.டி. தட்டின் படிகளும் அதே 65,536! இரண்டும் இரண்டைப் பதினாறு தடவை பெருக்கியவையே.

மென்பொருள் விஷயமும் ஏறக்குறைய இப்படியே முடிந்தது. ஒரு மென்பொருளில் பாட்டு தெளிவாயும், மற்றொன்றில் மந்தமாயும் இருப்பதாகச் சிநேகிதர் சாதித்தார். பார்த்தால், இரண்டாவதில் எல்லாப் பாட்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு இயங்கிக் கொண்டிருந்தது. அதை அணைத்து, கம்ப்யூட்டர் தன் இஷ்டத்துக்கு எண்களை மாற்றாமல் நேரே அனுப்பும்படி செய்ததும் வித்தியாசம் மறைந்தது. வந்து சேரும் எண்கள் ஒன்றாகவே இருக்குமானால், கொண்டு வந்த தூதன் யாராயிருந்தால் என்ன? 'ஃபூபார் 2000' இலவசமாகக் கிடைக்கிறது. 'ரூன்' என்பதற்குச் சந்தா உண்டு. பாடகர், பாட்டு முதலிய விவரங்களை 'ரூன்' அழகாகத் தொகுத்துக் காட்டுகிறது. அந்த வசதிக்குப் பணம் கொடுக்கலாம். நாதத்துக்கு என்று எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை.

'ப்ரீ ஆம்ப்'பில் மட்டும் விஷயம் வேறாயிற்று. சிநேகிதர் வால்வு வைத்த பழைய 'ப்ரீ ஆம்ப்' ஒன்றை நெடுநாளாகப் போற்றி வந்தார். அதை நடுவில் வைத்தும், எடுத்துவிட்டும் கேட்டபோது, பதினாறுக்குப் பதினைந்து சரியாகச் சொன்னார். ஆலாபனையின் நடுவே பாடகர் மூச்சு விடும் மௌனத்தில், 'உஸ்' என்ற இரைச்சல் கேட்டது. 'டாக்' தரும் 2 வோல்ட்டே பெரும்பாலான பவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போதும். அதை மேலும் பெருக்கினால் இரைச்சலும் பெருகுகிறது. கிராமபோனும் வேறு கருவிகளும் வைத்திருப்பவருக்கு 'ப்ரீ ஆம்ப்' தேவைதான். கம்ப்யூட்டர் கோளாறினால் திடீரென்று முழுச் சத்தமும் பாய்ந்து விடாமல் தடுக்கக் கைக்கெட்டும் திருகு ஒன்று இருப்பதும் நல்லதே.

ஒரு வீட்டுப் பரீக்ஷையைக் கொண்டு உலகத்துக்கு நீதி வழங்கலாகாது என்பது வாஸ்தவம். அமெரிக்காவில் மேயர், மோரன் என்போர், உயர்தரப் பதிவுகளின் நடுவே ஸி.டி. அளவுக்கு எண்களைச் சுருக்கும் கருவியைப் புகுத்தி, கேட்பவர் கண்டுபிடிக்கிறார்களா என்று சோதித்து 2007-இல் வெளியிட்டார்கள். 554 தடவையில் சரியான விடை 276; பாதிக்கும் ஒன்று குறைவு. பிறகு 2016-இல் ரைஸ் என்பவர் பதினெட்டுச் சோதனைகளைத் திரட்டிக் கணக்கிட்டபோது, நூற்றுக்கு 52.3 என்று வந்தது. பயிற்சி பெற்ற காதுகளுக்கு அது இன்னும் சற்று உயர்ந்தது. ஆகவே வித்தியாசமே இல்லை என்று அடித்துச் சொல்வதற்கில்லை. இருந்தால் அது மிகமிகச் சிறியது. அதைப் பிடிக்கக் காதைப் பழக்க வேண்டும் என்பது மட்டும் தெளிவு.

நல்ல வேலைப்பாட்டுக்காகவும், நெடுநாள் உழைப்புக்காகவும், கண்ணுக்கு அழகாயிருக்கிறது என்பதற்காகவும் ஒருவர் உயர்ந்த கருவியை வாங்குவாரானால், அவரைக் குறை கூற நமக்குப் பாத்தியதை இல்லை. வைரத் தோட்டினால் காது நன்றாகக் கேட்கிறது என்று எந்த அம்மாளும் சொல்வதில்லை. அழகுக்கென்றே வாங்கி, அழகுக்கென்றே அணிகிறார்கள். கருவி வாங்குவோரும் அந்த நேர்மையைக் கைக்கொண்டால் போதும்.

சிநேகிதர் ஒன்பதாம் நாள் 'டாக்'கைத் திருப்பிக் கொடுத்து விட்டார். சில நாள் அவருக்கு மனம் சரியாக இல்லை. தம்பூராவின் ஜீவாவைக் கேட்டதாக நம்பியிருந்தவரல்லவா? பிறகு ஸ்பீக்கர்களை மூலையிலிருந்து மூன்றடி முன்னால் இழுத்து வைத்து, வெறும் சுவருக்குக் கனமான திரை போட்டு, தரையில் ஒரு ஜமக்காளம் விரித்தார். மிருதங்கத்தின் தொப்பி இதுவரையில் குடத்துக்குள்ளிருந்து கேட்டது போலிருந்தது. இப்போது தனியே பிரிந்து கேட்டது. இந்த மாறுதலைக் கண்டுபிடிக்க நாணயமும் வேண்டியிருக்கவில்லை, திரையும் வேண்டியிருக்கவில்லை. சமையலறையில் இருந்த அந்த அம்மாளே, "இன்றைக்கு வேறு யாராவது வாசிக்கிறார்களா?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டார்.

மாடி ஒழுக்கல் அடைபட்டு விட்டது என்று அறிகிறோம்.