வீடு இன்னொரு வகுப்பறையா?

மலேசியத் தொடக்கப்பள்ளிகளில் முதலாம் ஆண்டு முதல் மூன்றாம் ஆண்டு வரை பயிலும் குழந்தைகளுக்கு நடத்தப்பட்டு வந்த அரையாண்டு, இறுதியாண்டுத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2019ஆம் ஆண்டில் நீக்கியது. 1988 முதல் ஆறாம் ஆண்டு மாணாக்கர் எழுதி வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021இல் கைவிடப்பட்டது. தேர்வுகள் போயின, ஆனால் அவற்றின் நிழல் போகவில்லை. அது பள்ளி வாயிலைக் கடந்து வந்து, வீட்டின் சாப்பாட்டு மேசைமேல் விழுந்து கிடக்கிறது. பயிற்சி நூல் என்பது அதன் இன்றைய பெயர்.

ஏழு வயதுக் குழந்தை நண்பகலுக்குப் பின் வீடு திரும்புகிறது. உண்டு முடித்த கையோடு பிரத்தியேக வகுப்பு. மாலை மங்கிய பின் பயிற்சி நூல். காலையில் பள்ளியில் நிறைவு செய்த அதே கோடிட்ட இடங்கள். அதே கூட்டல், அதே கழித்தல். பக்கத்தில் தாய், கையில் அழிப்பானுடன். தவறாக எழுதிய எழுத்தை அழித்து அழித்துத் தாள் கிழிந்துபோகிறது. தாயின் பொறுமையும் உடன் கிழிகிறது. இரவு ஒன்பது மணிக்குக் கண்ணீரோடு உறங்கப் போகும் குழந்தையைக் காட்டி, "வீட்டிலும் படிக்க வைக்கிறோம்" என்று பெற்றோர் பெருமையோடு கூறிக்கொள்கின்றனர். அக்குழந்தை கற்றது என்ன? தமிழ் என்பது கிழியும் தாள் என்பதையா?

பெற்றோரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. பயிற்சி நூல்களை எழுதுவோரில் பலர் ஆசிரியர்களே. அவற்றை வாங்குமாறு பரிந்துரைப்பவர்களும் ஆசிரியர்களே. பள்ளியில் முடிக்க இயலாத பக்கங்களை "வீட்டுப்பாடம்" என்று பெயரிட்டு அனுப்புவோரும் அவர்களே. வீட்டுக்கு அனுப்பப்படுவது வீட்டுப்பாடம் ஆகிவிடாது. அது இடம் மாறிய பள்ளிப்பாடம்.

இதனை உணர்ந்த சிலர் வேறொரு வழி கண்டனர். "ஆக்கச் சிந்தனையை வளர்க்கும் இடுபணி" என்பது அதன் பெயர். தீபாவளிக்கு அட்டையில் விளக்கு. பொங்கலுக்குக் களிமண் பானை. அறிவியலுக்கு மாதிரி வீடு. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது யாது? குழந்தை உறங்கிய பிறகு, நள்ளிரவில் தந்தை கத்தரிக்கோலும் பசையுமாக உட்கார்ந்திருக்கிறார். பொருள்களுக்காகச் செலவிட்ட வெள்ளி அந்த வாரத்துக் காய்கறிச் செலவைத் தின்றுவிடுகிறது. மறுநாள், வெட்டிய விளிம்பின் நேர்த்தியைக் கண்டவுடனேயே அது யாருடைய கைவேலை என்பது ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தும் அதற்கே முதற்பரிசு! வசதியற்ற வீட்டுப் பிள்ளை தானே வெட்டி, தானே ஒட்டி, கோணலாகக் கொண்டு வந்த விளக்கு மேசையின் கோடியில் கிடக்கிறது. ஆக்கத்திறன் எங்கே இருந்தது? அந்தக் கோணல் விளக்கில் அல்லவா இருந்தது?

மரியா மாண்டிசோரி அம்மையார் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளில் அறிமுகமானவர். 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்தவர். 1907இல் உரோம் நகரின் ஏழைக் குடியிருப்பொன்றில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், குழந்தைகள் நீர் ஊற்றக் கற்றார்கள். தரையைப் பெருக்கக் கற்றார்கள். பொத்தான் மாட்டக் கற்றார்கள். வீட்டில் நடக்கும் வேலைகளையே அவர் பள்ளிக்குள் கொண்டுவந்தார். ஓர் ஏனத்திலிருந்து இன்னோர் ஏனத்திற்குச் சிந்தாமல் நீரை மாற்றும் குழந்தை, கையையும் கண்ணையும் மனத்தையும் ஒருமுகப்படுத்தப் பழகுகிறது என்பதைக் கண்டறிந்தவர் அவர். அந்த அம்மையார் வீட்டைப் பள்ளிக்குக் கொண்டு சென்றார்; இந்நாட்டுத் தமிழர்களோ பள்ளியை வீட்டுக்குக் கொண்டுவந்து, அங்கே முன்பே இருந்த கல்வியை வெளியேற்றிக்கொண்டிருக்கின்றனர்.

வீட்டில் முன்பே இருந்த கல்வி யாது? சமையலறையிலிருந்தே தொடங்கலாம். லகர, ளகர, ழகர வேறுபாடு தொடக்கப்பள்ளி ஆசிரியர்களின் தீராத தலைவலி. இதற்காக எத்தனை பயிற்றிகள் அச்சிடப்படுகின்றன! ஆனால் அஞ்சறைப்பெட்டியையும் அதனருகில் உள்ள குப்பிகளையும் திறந்து பார்த்தவர்கள் ஓர் உண்மையைக் காண்பர். மிளகு, மிளகாய், மஞ்சள், புளி, உளுந்து எல்லாவற்றிலும் ளகரம் குடியிருக்கிறது. மல்லி, ஏலம், வெல்லம், கடலை, கறிவேப்பிலை ஆகியவற்றில் லகரம். குழம்பு, பழம், கிழங்கு, புழுங்கலரிசி ஆகியவற்றில் ழகரம். தாய் சமைக்கும்போது குழந்தை ஒவ்வொரு பொருளையும் தொட்டு, முகர்ந்து, பெயர் சொல்லி, எழுத்துவாரியாகப் பிரித்து வைக்கட்டும். எந்தப் பொருள் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தாயோடு வாதிடட்டும். மஞ்சளின் நிறம் விரலில் ஒட்டியிருக்கும்போது கற்ற ளகரத்தை அக்குழந்தை எளிதில் மறக்குமா?

"பாட்டியே 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறார், பிழையான ஒலிப்பையன்றோ குழந்தை கற்கும்?" என்று சில ஆசிரியர்கள் கேட்கக்கூடும். பாட்டி சொல்லைத் தரட்டும். ஒலியைத் திருத்துவதற்குத்தானே ஆசிரியர் இருக்கிறார்? சொல்லே இல்லாத வாயில் எந்த ஒலிப்பைத் திருத்துவது? ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகளிடம் இன்று குறைந்திருப்பது எழுத்தன்று, சொல். துருவி, அரிவாள்மனை, முறம், தாழ்ப்பாள் ஆகியவற்றைப் படத்தில் மட்டுமே பார்க்கும் தலைமுறைக்கு, பொருளைக் கையில் கொடுத்துப் பெயரைச் சொல்லித்தர வீட்டாரைவிடத் தகுந்தவர் யார்?

கணக்குக்கும் வீட்டில் பஞ்சமில்லை. வாசலில் இடும் கோலத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்று ஏறி, ஐந்து, மூன்று, ஒன்று என்று இறங்கும் புள்ளிக்கோலத்தில் மொத்தம் 25 புள்ளிகள். முதலாம் ஆண்டுக் குழந்தை அவற்றை எண்ணும். ஒற்றை எண்களைத் தானே கண்டுகொள்ளும். இரண்டாம் ஆண்டுக் குழந்தை மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒத்திருப்பதைக் கண்டு, பாதியை மட்டும் எண்ணிக் கணக்கிட முயலும். அப்போது நடுவரிசையை இருமுறை எண்ணக்கூடாது என்னும் சிக்கலில் மாட்டி, அதிலிருந்து விடுபடும். மூன்றாம் ஆண்டுக் குழந்தையிடம், நடுவரிசையை ஒன்பதாக்கினால் எத்தனை புள்ளிகள் கூடும் என்று கேட்கலாம். 16 என்னும் விடையைப் போட்டுப் பார்த்துச் சொல்வதும் அறிவே. போடாமலே சொல்வது அதனினும் மேலான அறிவு. அடுக்குமாடி வீடுகளில் வாசல் ஏது என்பார் உளர். நடைபாதைத் தரையும் ஒரு வெண்கட்டித் துண்டும் போதும். கோலம் பெண் பிள்ளைகளுக்கு உரியது என்று ஆண் பிள்ளைகளை விலக்கும் பழக்கமும் இத்தோடு ஒழியட்டும்.

பல்லாங்குழி பெரும்பாலான வீடுகளில் மறைந்துவிட்டது. அதன் உறவான சொங்காக் மலாய் அண்டைவீட்டாரிடம் இன்னும் இருக்கிறது. 14 குழிகள், குழிக்கு ஏழு விதை என்றால் 98 விதைகள். ஏழாம் வாய்பாடு அங்கேயே கிடக்கிறது. அதைவிடச் சிறந்தது வேறொன்று: கையில் எடுக்கும் விதைகளுள் கடைசி விதை எந்தக் குழியில் விழும் என்பதை எடுப்பதற்கு முன்பே மனத்தால் ஓட்டிப் பார்க்கும் குழந்தை, எந்தப் பயிற்சி நூலும் கேட்காத கேள்வியைத் தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறது. பலகை வேண்டியதில்லை. முட்டை அடுக்கும் அட்டையும் சாகா விதையும் போதும். தோட்டப்புறமாயின் ரப்பர் விதைகளுக்குக் குறைவில்லை.

கதையும் விடுகதையும் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. அவற்றின் அருமையை ஆசிரியர்கள் மேடைதோறும் பேசுகின்றனர். ஒன்று மட்டும். பிறர் போட்ட விடுகதைக்கு விடை சொல்வதைவிட, வீட்டிலுள்ள ஒரு பொருளைப் பற்றிக் குழந்தையே விடுகதை கட்டுவது கடினம். துடைப்பத்தைப் பற்றி விடுகதை கட்ட வேண்டுமாயின், அதன் வடிவம், தொழில், இருக்குமிடம் யாவற்றையும் ஆராய்ந்து, எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானிக்க வேண்டும். உயர்நிலைச் சிந்தனை என்று கலைத்திட்டம் கூறுவது இதனையன்றி வேறென்ன?

படிக்காத பெற்றோரால் இவை இயலாது என்பது பரவலான வாதம். உண்மை நேர்மாறானது. பயிற்சி நூலைக் கண்டுதான் அவர்கள் அஞ்சுகின்றனர். அடுப்பங்கரையிலும் வாசலிலும் அவர்களே வல்லுநர்கள். 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பயிற்றிகள் புலனத்தின் வழி வீடுகளுக்குப் பறந்தன. ஒரே திறன்பேசி உள்ள வீட்டில் தந்தை அதனை வேலைக்கு எடுத்துச் சென்றபின், பயிற்றியும் அவரோடு சென்றது. அச்சிடும் கருவி இல்லாத வீட்டில் அது திரையிலேயே நின்றது. அந்நாள்களிலும் வீட்டில் சோறு வெந்தது, புளி கரைந்தது, பாட்டி பேசிக்கொண்டிருந்தார். அவற்றைப் பாடமாகக் கருதத் துணிந்த ஆசிரியர்கள் மிகச் சிலரே. அப்பேரிடர் காட்டிய பாடத்தைப் பள்ளிகள் திறந்த மறுநாளே மறந்து, மீண்டும் பயிற்சி நூல் பட்டியலைத் தயாரித்ததை என்னென்பது?

இறுதியாக எழும் தடை, சான்று பற்றியது. "தாளில் இல்லாததை எவ்வாறு கோப்பில் சேர்ப்பது? அதிகாரி வந்து கேட்டால் எதைக் காட்டுவது?" என்பர். தேர்வுகளின் இடத்தில் வந்த வகுப்புசார் மதிப்பீடு, உற்றுநோக்கலையும் வாய்மொழியையும் எழுத்துக்கு நிகராக ஏற்கிறது. மாணாக்கர் எட்டிய ஆறு அடைவுநிலைகளுள் ஒன்றைக் குறிப்பதற்குத் தடித்த கோப்பு வேண்டும் என்று எந்த விதியும் கட்டளையிடவில்லை. அது ஆசிரியர்கள் தாமே பூட்டிக்கொண்ட விலங்கு. வாரத்திற்கு ஒரு நடவடிக்கை போதும். அது வீட்டில் மட்டுமே செய்யத்தக்கதாக இருக்க வேண்டும், காசு கேட்கக்கூடாது, பெரியவர் ஒருவரோடு தமிழில் பேசாமல் முடிக்க இயலாததாக இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அதனை வாய்மொழியாகச் சொல்லி அனுப்பலாம். திங்கட்கிழமை காலையில் முதல் அரைமணி நேரம் பயிற்சி நூல்களை மூடி வைத்துவிட்டு, குழந்தைகளைப் பேசவிடலாம். யார் எதைச் சொன்னார்கள், எந்தப் புதுச்சொல்லைக் கொண்டுவந்தார்கள் என்று பதிவேட்டில் பெயருக்கு நேரே ஒருவரி எழுத ஆசிரியருக்கு அந்த அரைமணி நேரம் தாராளமாகப் போதும். அதிகாரி கேட்டால் அந்த வரியைக் காட்டலாம்; நம்பாவிட்டால் குழந்தையையே அழைத்து, புளியில் வருவது எந்த 'ள' என்று கேட்கச் சொல்லலாம்.