கட்டிய நாடே இல்லாமல் போன பிறகும், 30 ஆண்டுகள் உழைத்த 'ஐ.என்.எஸ் ராஜ்புத்'!

2021 மே 21. விசாகப்பட்டினம் கடற்படைத் தளம். சூரியன் மறையும் நேரத்தில், ஒரு போர்க்கப்பலில் இருந்த தேசியக்கொடியும் கடற்படைக் கொடியும் கடைசி முறையாக இறக்கப்பட்டன. கொரோனா காலம் என்பதால் கூட்டம் இல்லை. தளத்தில் இருந்த அதிகாரிகளும் மாலுமிகளும் மட்டும் நின்று வழியனுப்பினார்கள். 41 ஆண்டுகள் பணியாற்றிய 'ஐ.என்.எஸ் ராஜ்புத்' ஓய்வுபெற்றது இப்படித்தான்.

யார் இந்த ராஜ்புத்?

சோவியத் யூனியனின் நிக்கோலயேவ் நகரில் கட்டப்பட்ட நாசகாரிக் கப்பல் இது. முதலில் வைத்த பெயர் 'நதேஷ்னி'. ரஷ்ய மொழியில், 'நம்பகமானது' என்று அர்த்தம். 1980 மே 4 அன்று, ஜார்ஜியாவின் போத்தி துறைமுகத்தில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. விழாவில் இருந்த அன்றைய இந்தியத் தூதர், பின்னாளில் பிரதமரான ஐ.கே.குஜ்ரால்.

1991-ல் சோவியத் யூனியன் சிதறியது. கப்பல் கட்டிய ஊர் உக்ரைனுக்குப் போனது. கொடியேற்றிய துறைமுகம் தனி நாடான ஜார்ஜியாவுக்குப் போனது. ராஜ்புத் மட்டும் வேலையை நிறுத்தவில்லை.

நம் பக்கத்துக் கடலில்...

இலங்கையில் இந்திய அமைதிப்படை இருந்த காலத்தில், அந்தக் கடற்பகுதியில் ரோந்து சுற்றியது ராஜ்புத். 1988-ல் மாலத்தீவில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி நடந்தபோது, இந்தியா எடுத்த 'ஆபரேஷன் காக்டஸ்' நடவடிக்கையிலும் பங்கேற்றது.

வயதான கப்பலுக்குப் புது வேலை

20 வயதைத் தாண்டிய கப்பலை ஓரங்கட்டிவிடுவார்கள் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேரெதிர். இந்தியாவும் ரஷ்யாவும் சேர்ந்து உருவாக்கிய பிரம்மோஸ் ஏவுகணையைக் கடலில் சோதிக்க, கடற்படை தேர்ந்தெடுத்தது ராஜ்புத்தைத்தான். புதிய ஆயுதம் கப்பலில் எப்படி வேலை செய்யும் என்பதை இந்தப் பழைய கப்பலில்தான் பார்த்தார்கள். பிரம்மோஸ் பொருத்தப்பட்ட முதல் இந்தியப் போர்க்கப்பலும் இதுதான்.

அது வேற ராஜ்புத்!

1971 போரில், பாகிஸ்தானின் 'காஸி' நீர்மூழ்கி மூழ்கிய கதையில் வரும் ராஜ்புத் இது இல்லை. அது, பிரிட்டனிடமிருந்து இந்தியா வாங்கிய பழைய கப்பல். அதன் பெயர்தான் 1980-ல் வந்த இந்தக் கப்பலுக்கும் வைக்கப்பட்டது.

ராஜ்புத்தை வழிநடத்திய கேப்டன்கள் 31 பேர். மொத்தப் பயணம், சுமார் 7.87 லட்சம் கடல் மைல். பூமியை 36 முறைக்கு மேல் சுற்றிவந்த தூரம்! 'நம்பகமானது' என்று பெயர் வைத்தவர்கள் தப்பாக வைக்கவில்லை.