விளக்கு எரியவில்லை, ஆகவே பிழையில்லை!

“ஐயா, எச்சரிக்கை விளக்கு எரிகிறதா? எரியவில்லை அல்லவா? அப்படியானால் உங்கள் காரில் பிழை இல்லை.”

கொழும்பிலுள்ள வாகன சேவை நிலையம் ஒன்றின் கருமபீடத்தில், கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் எனக்கு வழங்கிய தீர்ப்பு இது. என் முறைப்பாடு எளிமையானது. கண்டி வீதியில் கடுகண்ணாவ ஏற்றத்தை ஒரே மூச்சில் ஏறிக்கொண்டிருந்த கார், சில மாதங்களாக லொறிகளுக்குப் பின்னால் தவழ்ந்தது. பெற்றோல் செலவும் கூடியிருந்தது. கணினியைப் பொருத்திப் பார்த்தார்கள். பிழைக் குறியீடு எதுவும் வரவில்லை. “உங்களுக்கு அப்படித் தோன்றுகிறது, ஐயா” என்று சொல்லி அனுப்பிவைத்தார்கள்.

பத்திரிகைத் தொழிலில் தலைநரைத்த எனக்கு இந்த வாதம் புதிதல்ல. ‘எமக்கு அறிக்கை எதுவும் கிடைக்கவில்லை, ஆகவே அப்படியொரு சம்பவம் நடக்கவில்லை’ என்று தொலைபேசியில் சொன்ன அதிகாரிகள் எத்தனை பேர்! அவர்களுடைய குரலையே அன்று அந்தக் கருமபீடத்திலும் கேட்டேன்.

டர்போ பொருத்திய காரை ஓட்டும் எவருக்கும் அந்த டர்போ எவ்வளவு அமுக்கத்தைக் கொடுக்கிறது என்பதை எண்ணில் அறியும் உரிமை உண்டு. அதை மறைக்கும் தயாரிப்பாளர்கள் தவறிழைக்கிறார்கள். அந்த உரிமையின் பெயரால் அலங்கார விளக்குகளை விற்று, கண்ட இடத்தில் குழாயைச் செருகிவிடுபவர்கள் அதைவிடப் பெரிய தவறிழைக்கிறார்கள். முதலாவது தவறினால் என் பணமும் நேரமும் வீணாயின. இரண்டாவது தவறு எங்கள் உயிருக்கே உலை வைக்கப் பார்த்தது.

பூஸ்ட் மீற்றர் என்றதும் பலருக்கு நினைவில் வருபவர்கள், சைலன்சரை அறுத்துவிட்டு நள்ளிரவில் காலி வீதியில் உறுமித் திரியும் இளைஞர்கள்தாம். அதனால் அது ஒரு விளையாட்டுப் பொருள் என்ற எண்ணம் பரவிவிட்டது. உண்மையில் அது வைத்தியரின் இரத்த அமுக்கமானி போன்றது. வெளியேறும் புகையின் விசையால் சுழலும் டர்போ, வளியை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அப்படித் தள்ளப்படும் வளி, சுற்றியுள்ள வளிமண்டல அமுக்கத்தைவிட எவ்வளவு கூடுதலாக இருக்கிறது என்பதையே இம்மீற்றர் காட்டுகிறது. ஒரு பார் என்பது ஏறக்குறைய 14.5 பி.எஸ்.ஐ., அதாவது 100 கிலோபாஸ்கல். காலை எடுத்தால் முள் பூச்சியத்திற்குக் கீழே இறங்கி வெற்றிடத்தைக் காட்டும். நல்ல நிலையிலுள்ள பெரும்பாலான பெற்றோல் எஞ்சின்கள் சும்மா ஓடும்போது முள் −0.6 பார் முதல் −0.7 பார் வரையில் அசையாமல் நிற்கும். முள் அங்கே நடுங்கினாலோ, ஏற்றத்தில் வழமையான அளவை எட்டாவிட்டாலோ, எஞ்சின் உங்களிடம் ஏதோ சொல்ல முயல்கிறது என்று பொருள்.

இது பணக்காரரின் பொழுதுபோக்கு விவகாரம் என்று எண்ணுவோர் இலங்கையின் வரி முறையைச் சற்று நினைத்துப் பார்க்கவேண்டும். பெற்றோல் கார்களுக்கான உற்பத்தி வரி இங்கே எஞ்சினின் கொள்ளளவைப் பொறுத்து ஏறுகிறது. ஆகவே ஒரு லீற்றருக்கு உட்பட்ட சிறிய எஞ்சினில் டர்போவைப் பூட்டிய கார்கள் பெருமளவில் வந்து இறங்கின. பந்தயத்தைக் கனவிலும் காணாத ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் ஓய்வூதியகாரர்களும் டர்போ உரிமையாளர்கள் ஆனார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் அந்தக் கார்களும், அவற்றின் றப்பர் குழாய்களும் எங்களோடு சேர்ந்து மூப்படைந்தன. அமுக்கப்பட்ட சூடான வளியைச் சுமக்கும் குழாய் வெடிப்பது ஒன்றும் அதிசயமல்ல. ஆனால் அதைச் சொல்லும் முள் அக்கார்கள் பலவற்றில் இல்லை.

“கணினி எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறதே, சாரதிக்கு எதற்கு முள்?” என்பது மறுதரப்பின் வாதம். கணினி கவனிக்கிறது என்பது உண்மை. ஆனால் அது கவனிப்பதை எனக்குச் சொல்வதில்லை. குழாயில் சிறு வெடிப்பு ஏற்பட்டால், அது டர்போவைக் கூடுதலாகச் சுழலவைத்துக் குறையை ஈடுசெய்யப் பார்க்கும். குறை ஓர் எல்லையைத் தாண்டி, குறித்த நேரம் நீடித்த பின்புதான் விளக்கு எரியும். அதுவரை டர்போ தன் ஆயுளைச் செலவழித்துக்கொண்டிருக்கும்; நானோ ‘எனக்கு அப்படித் தோன்றுகிறது’ என்று நினைத்துக்கொண்டிருப்பேன்.

மறைக்கும் இந்தப் பழக்கம் நேற்றுத் தோன்றியதல்ல. 1973இல் வெளிவந்த பி.எம்.டபிள்யூ. 2002 டர்போவில் சாரதிக்கென்று ஒரு பூஸ்ட் மீற்றர் இருந்தது. டர்போவைக் குடும்பக் கார்களுக்குக் கொண்டுவந்த பெருமைக்குரிய சாப் நிறுவனமோ தன் 900 டர்போவின் மீற்றரில் எண்களே இல்லாமல் நிறப்பட்டைகளை மட்டும் தீட்டி வைத்தது. மஸ்டா நிறுவனம் தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் தன் மியாட்டாவின் ஒயில் அமுக்க மீற்றரை, அமுக்கம் இருந்தால் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் விழும் வெறும் பொம்மை முள்ளாக மாற்றியது. இன்றைய கார்கள் பலவற்றின் வெப்பமானி முள்ளும், வெப்பம் பல பாகைகள் ஏறி இறங்கினாலும் நடுவிலேயே உறங்குமாறு அமைக்கப்பட்டுள்ளது. முள் அசைந்தால் வாடிக்கையாளர் கலவரப்பட்டு வந்து கேள்வி கேட்பாராம்! கேட்கட்டுமே. காசு கொடுத்தவர் அவரல்லவா?

இனி என் தரப்பினரின் குற்றத்துக்கு வருகிறேன். மீற்றர் வேண்டும் என்று தீர்மானித்துப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வி: “என்ன நிறம் வேண்டும்?” ஏழு நிறங்களில் ஒளிர்வது, கார் புறப்படும்போது முள் ஒருமுறை சுற்றிச் சலாம் போடுவது என்று பெருமைகளை அடுக்கினார். எத்தனை பார் வரை அளக்கும் என்று நான் கேட்டபோது பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். மூன்று பார் என்றிருந்தது. ஒரு பாரையும் எட்டாத குடும்பக் காருக்கு அது எதற்கு? மருந்து நிறுக்க மூட்டைத் தராசைக் கொண்டுவந்த கதைதான். உங்கள் காரின் உச்ச அமுக்கம் முகப்பின் மூன்றில் இரண்டு பங்களவில் வரவேண்டும். முள் குறுகிய வில்லில் அல்லாமல் முக்கால் வட்டம் சுற்றவேண்டும். அப்போதுதான் சிறு வேறுபாடும் கண்ணுக்குத் தெரியும். பெற்றோல் காருக்கு வெற்றிடப் பகுதியும் இருக்கவேண்டும். டீசலுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை. சில முகப்புகளில் பூச்சியத்துக்கு மேலே பி.எஸ்.ஐ.யும் கீழே பாதரச அங்குலமும் இருக்கும். இரண்டையும் ஒன்றென மயங்கவேண்டாம்.

பொறிமுறை மீற்றரா, மின் மீற்றரா என்பது அடுத்த கேள்வி. பொறிமுறை மீற்றர்கள் பெரும்பாலும், பிரான்சின் யூஜின் பூர்டோன் 1849இல் காப்புரிமை பெற்ற வளைகுழாய்த் தத்துவத்திலேயே இன்றும் இயங்குகின்றன. விலை குறைவு, கெடுவதற்கு அதிகம் எதுவுமில்லை. ஆனால் எஞ்சினிலிருந்து குழாய் ஒன்றைச் சாரதியின் அறைவரை இழுக்கவேண்டும். மின் மீற்றரில் உணரி எஞ்சின் பக்கமே நின்றுவிடும். கம்பி மட்டுமே உள்ளே வரும். என் தெரிவு நல்ல உணரியுடைய மின் மீற்றர். மலிவான மின் மீற்றருக்கும் நல்ல பொறிமுறை மீற்றருக்கும் இடையே தெரிவு என்றால், கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதை எடுப்பேன்.

காரின் கணினித் துளையில் செருகும் மலிவுக் கருவிகளும் உண்டு. அவை பொதுவாகக் கேட்டுப் பெறும் நியம அளவீடு 255 கிலோபாஸ்கலுக்கு மேல் போகாது. அதுவும் முழு அமுக்கம். வளிமண்டலத்தின் பங்கையும் சேர்த்தது. சில கருவிகள் அதிலிருந்து கடல்மட்டத்துக்குரிய 101ஐக் கண்மூடித்தனமாகக் கழிக்கின்றன. அப்படிப்பட்ட ஒன்றை நுவரெலியாவுக்குக் கொண்டுபோய், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் வளிமண்டல அமுக்கம் 81 கிலோபாஸ்கல் அளவில்தான் இருக்கும். ஓடாத எஞ்சினில் −0.2 பார் வெற்றிடம் இருப்பதாக அது சாதிக்கும்!

நான் வாங்கிய மீற்றர் மோசமானதல்ல. அதைப் பூட்டிய விதம்தான் மோசம். கடைக்காரர் காட்டிய கராஜில் அரைமணி நேரத்தில் வேலை முடிந்தது. முள் எப்போதும் வெற்றிடத்திலேயே நின்றது. ஏற்றத்தில் எவ்வளவு மிதித்தாலும் பூச்சியத்தைத் தாண்டவில்லை. “டர்போ செத்துவிட்டது ஐயா, மாற்றவேண்டும்” என்றார் பூட்டியவர். சில இலட்சம் ரூபா கணக்கும் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கண்டியிலிருந்து மனைவியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கடுகண்ணாவ இறக்கத்தில், மாவனல்லைக்கு இன்னும் தூரம் இருக்கையில், பிரேக் மிதி கல்லாகிப்போனது. இரு கால்களாலும் ஊன்றி மிதித்து, கியரைத் தாழ்த்தி, மலைப்பக்க வடிகானை ஒட்டிக் காரை நிறுத்தும்வரை இருவரும் பேசவில்லை. பின்னால் வந்த பஸ் ஒலியெழுப்பிக்கொண்டே விலகிப் போனது.

பேராதனையிலிருந்து வந்த வயதான மெக்கானிக் ஒருவர் பொனற்றைத் திறந்து, சில நிமிடங்களில் காரணத்தைக் காட்டினார். மிதிக்குத் துணைவிசை தரும் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடத்தைக் கொண்டுபோகும் குழாயில், ஒருவழி வால்வுக்கு அப்பால், மலிவான பிளாஸ்டிக் முச்சந்தித் துண்டொன்று செருகப்பட்டிருந்தது. வெப்பத்தில் அது வெடித்துவிட்டது. வால்வுக்கு அப்பால் அமுக்கம் ஒருநாளும் போகாது. வெற்றிடம் மட்டுமே தேங்கி நிற்கும். முள் பூச்சியத்தைத் தாண்டாததன் இரகசியம் அதுதான். அளக்கவேண்டிய இடத்தை அளக்காத கருவி, இல்லாத நோயைச் சொல்லி, இருந்த பிரேக்கையும் பறித்தது.

அவர் அந்தக் குழாயைப் புதிதாக மாற்றினார். மீற்றருக்கான இணைப்பை த்ரொட்டிலுக்குப் பின்னால், மெனிபோல்ட்டிலிருந்து நேரடியாக எடுத்தார். வேறு உறுப்புகளுக்குச் செய்தி சொல்லும் குழாய்களைத் தொடவேண்டாம் என்பது அவருடைய வேதம். எரிபொருள் அமுக்கச் சீராக்கிக்குப் போகும் குழாய் உள்ள பழைய கார்களில் அதில் துளையிட்டு, அது கழன்றால், அமுக்கம் ஏறும்போது பெற்றோல் குறைந்து பிஸ்டனே உருகலாம். புதிய குழாயின் இரு முனைகளுக்கும் கவ்வி போட்டார். டர்போவின் சூட்டிலிருந்து விலக்கிக் கட்டினார். தகட்டில் உரசாதபடி றப்பர் வளையம் இட்டுக் கம்பியை உள்ளே எடுத்தார். மின்சாரத்தைச் சாவியோடு இயங்கும் இணைப்பிலிருந்து பியூஸ் ஒன்றின் வழியாகக் கொடுத்தார்.

முகப்பை எங்கே வைப்பது? முன்கண்ணாடித் தூணில் வைப்பதே இங்கு நாகரிகம். என் காரின் தூணில் எஸ்.ஆர்.எஸ். என்று பொறித்திருந்த எழுத்துகளை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். உள்ளே திரைபோல் விரியும் காற்றுப்பை மடிந்திருக்கிறது. விபத்தில் அது விரியும்போது, அதன்மேல் ஒட்டிய மீற்றர் சாரதியின் தலையை நோக்கி எறியப்படும். ஸ்டியரிங் தண்டின் மேற்புறத்தில், காற்றுப்பை எதற்கும் குறுக்கே வராத இடத்தில் வைத்தார்.

அதன் பிறகே முள் உண்மை பேசியது. ஏற்றத்தில் மெதுவாக ஏறி 0.6 பாரில் நின்றது. அவரிடம் வரும் அதே வகைக் காரொன்றில் அதே மீற்றரைப் பொருத்திப் பார்த்தோம். 0.9 காட்டியது. ஒரு செய்தியை இரு வழிகளில் உறுதிசெய்யாமல் அச்சுக்கு அனுப்பாதே என்று எங்களுக்குக் கற்பித்த பழைய ஆசிரியர்கள் மகிழ்ந்திருப்பார்கள். தேடியபோது, இன்டர்கூலருக்குப் போகும் குழாயின் அடிப்புறத்தில், கவ்விக்குக் கீழே ஒரு விரல் நீள வெடிப்பு இருந்தது. டர்போவுக்கு ஒரு குறையும் இல்லை. குழாயின் விலை, எனக்குச் சொல்லப்பட்ட டர்போவின் விலையில் ஒரு சிறு துளி.

தயாரிப்பாளர்களிடம் நான் கேட்பது பெரிய விடயமல்ல. அமுக்கத்தை அறியும் உணரி உங்கள் கார்களில் ஏற்கெனவே இருக்கிறது. கணினி அந்த எண்ணை ஒவ்வொரு கணமும் வாசிக்கிறது. பாட்டின் பெயரையும் தொலைபேசி அழைப்பையும் காட்டும் திரையில் அந்த ஓர் எண்ணையும் காட்டுங்கள். மீற்றர் பூட்டும் தம்பிமாரிடமும் ஒன்று கேட்கிறேன்: எந்தக் குழாய் எங்கே போகிறது என்று தெரியாவிட்டால், கத்தியைக் கீழே வையுங்கள்.

வாசகர்களுக்கு மூன்று சோதனைகள். எஞ்சின் ஓடாதபோது முள் பூச்சியத்தில் நிற்கிறதா? சும்மா ஓடும்போது வெற்றிடத்தில் அசையாமல் நிற்கிறதா? ஏற்றத்தில் மிதிக்கும்போது பூச்சியத்தைத் தாண்டி ஏறுகிறதா? மூன்றுக்கும் ‘ஆம்’ என்றால் அந்த முள்ளை நம்பலாம். ஒன்று தவறினாலும், மீற்றரின் சொல்லை நம்பி எதையும் வாங்கவேண்டாம். முதலில் மீற்றரையே விசாரியுங்கள்.

அந்தச் சேவை நிலையத்துக்குப் பின்னர் ஒருமுறை போனேன், வெடித்த குழாயைக் கையில் எடுத்துக்கொண்டு. அதே இளைஞர்தான் இருந்தார். குழாயைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆனால் விளக்கு எரியவில்லையே ஐயா” என்றார்.