கேக் ஒரு பக்கம் கருகுதா? ஜெட்டில் கை வைக்காதீர்கள்!

திருவதிகையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ‘கேஸ் ஓவனுடன் கூடிய குக்கிங் ரேஞ்ச் வைத்திருக்கிறேன். முந்திரி கேக் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். முன்பு 40 நிமிடத்தில் வெந்தது, இப்போது ஒரு மணி நேரமாகியும் நடுவில் மாவாகவே இருக்கிறது. பின்பக்கம் மட்டும் கருகுகிறது. ரிப்பேருக்கு வந்தவர், ஜெட் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்கிறார். செய்யலாமா?’

வேண்டாம் சகோதரி. காரணத்தைச் சொல்கிறேன்.

பர்னருக்கு கேஸை அனுப்பும் ஊசித் துளைதான் ஜெட். அதிலிருந்து கேஸ் வேகமாகப் பாயும்போது பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. இரண்டும் சரியாகக் கலந்தால்தான் சுடர் நீலமாக எரியும். ஒரு பங்கு சமையல் கேஸ் முழுதாக எரிய ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு காற்று தேவை. துளையைப் பெரிதாக்கினால் கேஸ் கூடும். அதற்கேற்ற காற்று வராது. சுடர் பெரிதாகத் தெரியும், ஆனால் மஞ்சளாக எரியும். கரி படியும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். அதைவிட ஆபத்து, கார்பன் மோனாக்சைடு உண்டாகும். நிறமோ மணமோ இல்லாத நச்சு வாயு அது. ஜன்னலை மூடிக்கொண்டு மணிக்கணக்கில் பேக் செய்யும் வீட்டில் இதை விளையாட்டாக நினைக்கக் கூடாது.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் நெய்வேலியில், பழுப்பு நிலக்கரியிலிருந்து ‘லெகோ’ என்ற கரிக்கட்டி தயாரித்தார்கள். ஒரு காலத்தில் பல வீடுகளில் அதுதான் எரிபொருள். கரி அடுப்பு மூட்டிய பாட்டிமார் தணல் மங்கினால் உடனே கரியை அள்ளிப் போட மாட்டார்கள். அடியில் சாம்பலைத் தட்டிவிட்டு, காற்றுக்கு வழி விடுவார்கள். கேஸ் ஓவனுக்கும் அதே கணக்குதான்.

முதலில் மேல் அடுப்பைப் பாருங்கள்

ரேஞ்சின் மேலே உள்ள அடுப்புகளும் மங்கலாக எரிகின்றனவா? அப்படியானால் ஓவன் மேல் குற்றமில்லை. சிலிண்டர் தீரும் நிலையில் இருக்கலாம், டியூப் எங்காவது மடங்கியிருக்கலாம், ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். சுரக்ஷா டியூபை 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதன் மேல் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். மார்கழிக் குளிரில் எல்லா பர்னரையும் நெடுநேரம் எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து கேஸ் அழுத்தம் குறைவதும் உண்டு. அதற்காக வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிவிடாதீர்கள்.

ஓவன் மட்டும் மந்தமா?

ரெகுலேட்டரை மூடி, ஓவன் நன்றாக ஆறிய பிறகு அடித்தட்டைக் கழற்றுங்கள். பர்னர் துளைகளில் பொங்கி வழிந்த மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்திருக்கும். ஒரு பக்கத் துளைகள் அடைத்தால் மறுபக்கம் மட்டும் எரியும். ஒரு பக்கம் கருகுவதற்கு இது முக்கியக் காரணம். பழைய டூத் பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். ஈரம் பட்டிருந்தால் முழுதாக உலர்ந்த பிறகே பற்றவையுங்கள். காற்று நுழையும் வாயில் சிலந்தி வலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடித்தட்டில் அலுமினியம் ஃபாயில் விரித்திருந்தால் எடுத்துவிடுங்கள். அங்குள்ள இடைவெளிகள் வழியாகத்தான் சூடு மேலே வரும். டிரேயும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. நான்கு பக்கமும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும்.

சூடு வெளியே போகிறதா?

ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். பிடிமானமே இல்லாமல் வழுக்கி வந்தால் கதவு ரப்பர் தளர்ந்துவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதும். வெந்துவிட்டதா என்று அடிக்கடி கதவைத் திறப்பதும் சூட்டைத் துரத்துகிற வேலைதான்.

அளந்து பாருங்கள்

குமிழில் 180 டிகிரி என்று இருப்பதால் உள்ளே 180 இருக்க வேண்டும் என்பதில்லை. ஓவனுக்குள் வைக்கும் தனி தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, நடுத்தட்டில் வைத்து, 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் தெரிந்தால் தெர்மோஸ்டாட் பழுதாகியிருக்கலாம். உள்சுவரில் அதன் மெல்லிய உலோகக் குச்சி இருக்கும். அது கிளிப்பிலிருந்து நழுவிச் சுவரைத் தொட்டாலும் அளவு தப்பாகும்.

எந்த இடத்தில் சூடு அதிகம் என்று அறிய, தட்டு முழுக்க பிரெட் துண்டுகளை அடுக்கி 10 நிமிடம் வையுங்கள். சிவந்த துண்டு, வெளுத்த துண்டு இரண்டுமே உங்களுக்கு வரைபடம். பழுது சரியாகும் வரை, கேக் மூன்றில் இரண்டு பங்கு வெந்ததும் டிரேயை ஒருமுறை திருப்பி வைத்து ஆர்டர்களைச் சமாளிக்கலாம். அதற்கு முன் திருப்பினால் நடுவில் அமுங்கிவிடும்.

மெக்கானிக்கிடம் என்ன சொல்வது?

ஜெட்டைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தேய்ந்திருந்தால் அதே மாடலுக்கான, அதே அளவு ஜெட்டை மாற்றச் சொல்லுங்கள். துளையிட்டுப் பெரிதாக்க மட்டும் சம்மதிக்காதீர்கள். குழாய் வழி கேஸுக்கு மாறும் வீடுகளுக்கு ஜெட் அளவு வேறு. அதையும் பயிற்சி பெற்றவரே மாற்ற வேண்டும்.

வேலை முடிந்ததும் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தீக்குச்சியால் சோதிக்கவே கூடாது. கேஸ் வாடை வந்தால் சுவிட்ச் எதையும் தொடாமல் ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906 என்ற அவசர எண்ணுக்குப் பேசுங்கள்.